நிமிர்ந்து பார்க்காத பேங்க்

இந்த ஊரில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்பதில்லை. வயது கேட்பதில்லை. ஏன் இன்னும் ஒரு விசேஷமும் இல்லை என்று கேட்பதேயில்லை. அந்த ஒன்றுக்காகவே ஜெர்மனிக்கு ஒரு கோயில் கட்டலாம். ஆனால் ஃப்ரைபுர்க்கில் எங்கள் குடியிருப்பில் வேறொரு கேள்வி இருக்கிறது. ஒருநாள் குப்பையைப் பிரித்து, காகிதத்தைக் காகிதத் தொட்டியிலும் தயிர் டப்பாவை மஞ்சள் பையிலும் பயபக்தியோடு போட்டுக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு அம்மாள் ஃப்ராவ் க்ராமர் பக்கத்தில் வந்து நின்று, "நீங்கள் எந்த பேங்கில் இருக்கிறீர்கள்?" என்றார். தெருமுனையில் கண்ணாடி மாளிகையாக நிற்கும் பெரிய பேங்கின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நம் பக்கம் புதிதாகக் குடிவந்தவரிடம் "நீங்க எந்த ஊரு, யாரு வகையறா" என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்பார்களே, பதில் ஒத்துவராவிட்டால் ஒரு முகத்தை வைத்துக்கொள்வார்களே, அதே முகம்தான்.

"உங்கள் பணத்தை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள், தெரியுமா? நிலக்கரி. ஆயுதம். சிமென்ட்!" என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். நானே சிமென்ட் ஊர்க்காரிதான், அரியலூர்ப் பக்கம், என்றேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ பாவம், அங்கிருந்து தப்பி வந்தீர்களா?" என்றார். "தப்பி வரவில்லை, நர்ஸ் வேலைக்கு வந்தேன்" என்றேன். "தைரியசாலி" என்று கண் கலங்கினார். தயிர் டப்பாவைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஃப்ராவ் க்ராமர் வலையில் நான் விழவில்லை, என் வீட்டுக்காரர் விழுந்தார். கருணாகரன் ஜெயங்கொண்டத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஊரில் இருந்தவரை கூட்டுறவுச் சங்கம் இருக்கும் திசையில் தலை வைத்துப் படுத்ததில்லை. இங்கே வந்து ஒரு கெனோஸன்ஷாஃப்டில், அதாவது அதே கூட்டுறவுச் சங்கத்தில், பங்கு வாங்கி உறுப்பினராகிவிட்டார். மனசாட்சியுள்ள பேங்காம். ஆயுதத்துக்கும் சுரங்கத்துக்கும் கடன் கொடுக்காதாம். அவர்களுடைய உறுப்பினர் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கேரட் கேக் கொடுத்தார்கள். திரையில் சிறுகடன் வாங்கிச் சிரிக்கும் பெண் ஒருத்தியைக் காட்டினார்கள். தலையில் தொப்பி, பின்னால் பனிமலை. பக்கத்திலிருந்த பெரியவர் என் பக்கம் குனிந்து, "உங்கள் ஊர்ப் பக்கமா?" என்று அன்போடு கேட்டார். ஆமாம், பக்கத்து வீடுதான் என்றேன். மனிதர் நம்பிவிட்டார்.

என் சம்பளம் மட்டும் பழைய பேங்கிலேயே விழுந்துகொண்டிருந்தது. கொள்கையெல்லாம் இல்லை, சோம்பல்தான். இவர் அதற்குப் பாவக்கணக்கு என்று பெயர் வைத்தார். இட்லிக்குச் சட்னி வைக்கும்போதுகூடப் பாவக்கணக்கைப் பற்றிப் பேச்சு. ஒருநாள் இன்டர்நெட்டில் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, "மலர், உங்க ஊர்ல சுரங்கத்தை விரிக்கிற கம்பெனிக்கு உன் பேங்க்தான் கடன் குடுத்திருக்கு" என்று காட்டினார். அன்றைக்கு மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் என் அக்கா.

அக்காவின் கொல்லை, எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குப் பெயர் அது, அந்தச் சுரங்கத்தின் வாயில் இருக்கிறது. சுற்றியிருந்த கொல்லைக்காரர்கள் எல்லாரும் விற்றுவிட்டார்கள். சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளம் மூன்று பக்கமும் வந்து நிற்க, நடுவில் அக்கா மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருக்கிறாள். வெடி வைத்தால் வீட்டில் பாத்திரம் பேசும். இலையெல்லாம் வெள்ளைப் பொடி. மாமா இறந்து சில வருஷங்களாகிவிட்டன. ஒரே மகள் பெரம்பலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கொல்லையைக் கொடுத்துவிட்டு டவுனில் வீடு கட்டு என்று புத்தி சொல்ல வராத ஆள் கிடையாது. அந்தப் புத்திசாலிகள் டவுனில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு அரிசியைக் கடையில் வாங்குகிறார்கள். அக்காவுக்கு அந்த மண்ணை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது, மரியாதையும் கிடையாது. அவளைக் கேட்டால், "நான் செத்தப்புறம் தோண்டிக்கட்டும்" என்பாள்.

ஆக, ஊருக்குப் போய்விட்டு வந்ததும் பாவக்கணக்கை மூடிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. விமானத்தில் ஏறியபோதே அவர் நாடு திருத்தும் முகத்தோடுதான் இருந்தார்.

அக்கா வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போவாள். ஊருக்கே தெரியும், அவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று. நாங்களும் கூடப் போனோம். பஸ் பெரம்பலூரில் நின்றதும் இறங்கு என்றாள். கோயிலுக்கு இன்னும் போகணுமே என்றால், "பேசாம வாடி" என்று ஒரு பெரிய பேங்குக்குள் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்று நகைக்கடனுக்கு வட்டி கட்டினாள். ஆரம், நெக்லஸ், வளையல் எல்லாம் அங்கேதான் அடகில் இருந்தது. மகளின் ஃபீஸுக்காக வைத்தது. கவுன்ட்டரில் இருந்த வடநாட்டுப் பையன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. "நெக்ஸ்ட்" என்றான்.

என் வீட்டுக்காரர் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். "அண்ணி, இந்தப் பெரிய பேங்க்லாம் யாருக்குக் கடன் குடுக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க ஊர்லயே சங்கம் இருக்கு. உறுப்பினருங்கதான் முதலாளி. நகையை அங்க மாத்துங்க" என்றார். அக்கா, "சரிங்க தம்பி, சரிங்க தம்பி" என்று தலையாட்டினாள். வெளியே வந்ததும், அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் சீறினாள்.

"உன் வூட்டுக்காரருக்கு என்னடி ஆச்சு? சங்கத்துல யாரு இருக்கா? கலியமூர்த்தி இருக்கான். கம்பெனிக்கு நெலம் புடிச்சுக் குடுக்கறது யாரு? அதே கலியமூர்த்தி. எவ நகைய வச்சா, எவ வட்டி கட்டல, எவ வூட்டுல கஷ்டம்னு அவனுக்கு அங்கயே தெரிஞ்சிடும். மறுநாளே கார் வந்து நிக்கும். அப்படித்தான் ஒவ்வொருத்தங்க கொல்லையும் போச்சு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, நகையெல்லாம் பீரோவுல கெடக்குன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரியறேன். அதனாலதான் என்கிட்ட அவன் பருப்பு வேகல."

"அதுக்காக இவ்ளோ தூரம் வரணுமா?"

"இங்க இருக்கறவன் நிமிர்ந்தே பாக்க மாட்டான். அவன்தான்டி எனக்கு சாமி."

கேரட் கேக் சாப்பிட்ட கூட்டத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதுதான் எங்கள் பலம் என்று அங்கே சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். நன்றாக அறிந்தவன்தான் நம் ஊரில் கழுத்தில் கை வைப்பான். பெரிய பேங்குக்கு நம் முகம் தெரியாது, அதனால் எந்தக் கல்நெஞ்சு வேலைக்கும் துணிகிறது என்பது நிஜம்தான். முகம் தெரியாததால் பிழைக்கிறவளும் ஒருத்தி இருக்கிறாள் என்பதும் நிஜம்தான். பஸ்ஸில் இவரிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி, வெளியே மூச்சு விடக்கூடாது என்றேன். தலையாட்டினார். கேட்டார் என்றுதான் நினைத்தேன். மனிதர் மனத்துக்குள் கெனோஸன்ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் கலியமூர்த்தி எங்களைப் பார்க்க வந்தார். ஒருகாலத்தில் சங்கத் தலைவர்; பதவி போயும் சாவி போகாத வகை. வெள்ளை வேட்டி, சட்டைப்பை தெரியப் பேனா, வாய் நிறையச் சிரிப்பு. அக்கா அவருக்கும் கோயில் குங்குமம் கொடுத்தாள். "எங்க தங்கச்சி வாரம் தவறாம ஆத்தாவப் பாத்துடும். கொடுத்து வச்சவங்க" என்று நெற்றியில் இட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"சார், ஜெர்மனியில கூட்டுறவு எப்படி வளர்ந்திருக்கு தெரியுங்களா? நம்ம மக்கள்தான் அருமை தெரியாம இருக்காங்க. அண்ணியையே எடுத்துக்குங்க. நகையைக் கொண்டுபோய்ப் பெரம்பலூர்ல வச்சிருக்காங்க. உங்க சங்கத்துக்கு மாத்துங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

படுபாவி மனுஷா! அக்கா குங்குமத் தட்டோடு அப்படியே நின்றாள். கலியமூர்த்தி சிரிப்பை மாற்றவில்லை. "அப்படிங்களா மாப்ள? தங்கச்சி சொல்லவேயில்லையே" என்று மட்டும் சொன்னார். காபியை ஆற அமரக் குடித்துவிட்டுப் போனார். அக்கா என் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது என்று ஒரு முறை இருக்கிறதே, அது அவரைக் காப்பாற்றியது. அக்கா சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து நான் சொன்னேன்.

மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. கம்பெனி ஆள் ஒருவன், கூடவே கலியமூர்த்தி. "தங்கச்சி, நகைய நானே மீட்டுக் குடுக்கறேன். பாப்பா படிப்பு முடியற வரைக்கும் ஃபீஸ் கம்பெனி பாத்துக்கும். ஒரு கையெழுத்துதான். பொம்பள ஒத்தையில எவ்ளோ நாளைக்கு இழுப்ப?" என்றார். அக்கா அவர்களை வாசலோடு அனுப்பிவைத்தாள். அவர்கள் போன பிறகு, "என்னடி பண்றது மலரு? குடுத்துடலாமா?" என்று கேட்டாள். வாழ்நாளில் அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி நின்றார். "நம்ம பணத்தை எடுத்து நகையை மீட்டுடலாம்" என்றார். நல்ல யோசனை. ஆனால் அவர் பணம் முழுக்க மனசாட்சியுள்ள பேங்கில் பங்காகவும் வைப்பாகவும் கிடந்தது. அதை எடுக்க முன்கூட்டியே சொல்லி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அவர் மனசாட்சிக்குப் பூட்டு போட்டுச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது என் பாவக்கணக்கு ஒன்றுதான். கேட்டதும் கொடுத்தது. யாருக்கு, எதற்கு, நல்லவளா கெட்டவளா என்று ஒரு கேள்வி இல்லை. சில நாளில் பணம் அக்கா கணக்குக்கு வந்துவிட்டது.

அக்கா முறுக்கிக்கொண்டாள். "நீ அங்க ராவும் பகலும் கெழடுகட்டைகளக் குளிப்பாட்டிச் சம்பாரிச்சது எனக்கு வேணாம்."

"இது என் காசுன்னு ஏன் நெனைக்கிற? அந்தக் கம்பெனிக்குக் கடன் குடுத்த பேங்க் காசு. அவனுக்குக் குடுத்தாங்கல்ல, உனக்கும் குடுக்கட்டும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குப் போய்விட்டு வரும்போது நகைகள் அவள் மடியில் இருந்தன. சுரங்கத்துக்குக் கடன் கொடுத்த பேங்கின் பணம் சுரங்கத்தின் வாயில் இருந்த கொல்லையைக் காத்துவிட்டது. இதை ஃப்ராவ் க்ராமருக்கு எந்த மொழியில் விளக்குவது?

நாங்கள் திரும்பி வந்த பிறகு ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சுரங்கத்தை விரிக்க அதிகாரிகள் மக்கள் கருத்தைக் கேட்கிறார்களாம். பந்தல், பிரியாணி, கை தட்டுவதற்கென்று லாரியில் வந்திறங்கிய ஆட்கள். அக்கா மகள் வீடியோ அனுப்பியிருந்தாள். காலை ஷிஃப்டுக்கு ஸ்ட்ராஸன்பானில், அதுதான் இங்கே தெருவில் ஓடும் டிராம், போய்க்கொண்டிருந்தபோது திறந்தேன். மாமா போனதிலிருந்து ஒரு கவரிங் சங்கிலிக்கு மேல் போடாத அக்கா, ஆரம், நெக்லஸ், வளையல் என்று ஒன்று விடாமல் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் நடந்துவருகிறாள். தாலியறுத்தவளுக்கு இது தேவையா என்று ஒரு குரல் கேட்கிறது. அவள் நேராகக் கலியமூர்த்தி முன்னால் போய் நின்று மைக்கை வாங்குகிறாள்.

"நல்லாப் பாத்துக்குங்க அண்ணே. நகை அடகுல இல்ல, கழுத்துல இருக்கு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கொல்லையக் குடுக்க மாட்டேன். எழுதிக்குங்க சார்."

"அப்படிப் போடு!" என்று டிராமில் கத்திவிட்டேன். எதிரில் இருந்த அம்மாள் பதறிப்போய், "அலெஸ் குட்?" என்றார், எல்லாம் நலமா என்று. நலம், நலம், என் அக்கா என்றேன். என்ன புரிந்ததோ, கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அப்போதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

மறுவாரம் அக்கா போன் செய்தாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"நகைய திருச்சில அடகு வச்சிட்டேன்டி. பெரம்பலூர்தான் இப்ப அவனுக்குத் தெரிஞ்சு போச்சே. திருச்சில அதவிடப் பெரிய பேங்க்கு, ஒருத்தனும் மூஞ்சியப் பாக்கல. நர்ஸிங் படிக்கறப்ப பெரம்பலூர்ல உன் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சியே, அதுல உன் காசத் திருப்பிப் போட்டுட்டேன். சரியா இருக்கான்னு பாத்துக்க."

"யாரு கேட்டா உன்ன?"

"கேக்காட்டி? கொல்லை என்னுது. கடன் மட்டும் உன்னுதா?"

போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் காசு அவள் கொல்லைக்குள் போய்விட்டது, அதில் ஒரு பிடி மண்ணாவது எனக்கும் ஆயிற்று என்று நான் எண்ணியிருந்தேன். அதைச் சுத்தமாகத் துடைத்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கொல்லை சுரங்கக்காரனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மனசாட்சியுள்ள பேங்குக்கு மாற்றிவிடு என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார், கொஞ்சம் அடக்கமாக. எதை மாற்றுவது? பணம் பெரம்பலூரில் என் பெயரில் இருக்கிறது. நான் அங்கே இல்லை. சம்பளம் இங்கே விழுகிறது. நான் இங்கேயும் முழுதாக இல்லை.