கிரைண்டர் ஓடட்டும் என்ற மெர்லின்

வியாழக்கிழமை காலை, ஓசூர் ரோடு நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது சிவகாமி அக்காவிடமிருந்து போன் வந்தது. லிங்கராஜபுரத்தில் மாவுக்கடை வைத்திருக்கும் அவர் தானாக எனக்குப் போன் செய்தவரே இல்லை. "மெர்லின் பூட்டாங்கப்பா. தூக்கத்திலயே" என்றார். நான் அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஆட்டோ பிடித்தேன்.

மெர்லினின் வீட்டில் ஞாயிறுதோறும் கூடி எதையாவது செய்துபார்த்த எங்கள் சிறிய கூட்டத்தின் சார்பில் இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தங்கவயலில் பிறந்த பெண். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்புப் பொறியாளர். சிவகாமி அக்காவின் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டின் முன்னறையில், மரத்தைச் செதுக்கும் ஒரு சிறிய இயந்திரத்தைத் தானே கட்டி வைத்திருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனாலும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆட்சேபித்தால், "அண்ணான்னு கூப்பிடட்டா? உனக்குத்தான் வயசான மாதிரி இருக்கும், யோசிச்சுக்கோ" என்பார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் நான் எழுதியது எதுவும் ஒரு பொருளை நகர்த்தி நான் பார்த்ததில்லை. நான் அங்கே போன முதல் நாள் மெர்லின் தன் லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, இயந்திரத்தின் உள்ளங்கை அளவு கட்டுப்பாட்டுப் பலகையில் செருகினார். திரையிலிருந்து ஒரு கட்டளை வரி போனது. மோட்டார் மெல்ல முனகி வெட்டுமுனையை நகர்த்தியது. உடனே பலகையிலிருந்து 'ஓகே' என்று பதில் வந்தது. அடுத்த வரி, அடுத்த ஓகே. நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். "எங்கப்பா தங்கச் சுரங்கத்துல வைண்டிங் டிரைவர், ஆளுங்களை ஏத்தி இறக்குற கூண்டை ஓட்டுறவரு" என்றார் மெர்லின். "கீழருந்து மணி அடிப்பாங்க. இவரு அதே மணியைத் திருப்பி அடிச்சிட்டுத்தான் கூண்டைத் தூக்குவாரு. கேட்டேன்னு சொல்லாம கையை வைக்கக் கூடாது. இதுவும் அதேதான் தம்பி, ஆளுதான் சின்னது." அதற்குப் பிறகு அந்த ஓகேக்களைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிறு சிவகாமி அக்கா மேலே வந்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். கல்யாணமான புதிதில் அவர் கணவர் தன் கையாலேயே ஒரு கட்டில் செய்து, தலைமாட்டுப் பலகையில் பென்சிலால் 'சிவகாமிக்கு' என்று எழுதியிருந்தார். கணவர் இப்போது இல்லை. பென்சில் எழுத்து தேய்ந்துகொண்டே வந்தது. அக்காவுக்குச் சர்க்கரையால் பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது. போட்டோ எடுத்துப் பெரிதாக்கித் தருகிறோம் என்றோம். "போட்டோவைத் தடவிப் பாக்க முடியுமாப்பா? அதும் மேலயே செதுக்கிக் குடுங்க. கண்ணு போனாலும் கையால படிச்சுக்குவேன்" என்றார்.

எழுத்தைக் கம்ப்யூட்டரில் படியெடுத்து, அதே பென்சில் கோட்டின் மேலேயே வெட்டுமுனையை ஓட்ட வேண்டும். நூலிழை விலகினாலும் அந்த மனிதரின் எழுத்து தூளாகிவிடும்; வேறு பலகை கிடையாது. எங்கள் இயந்திரமோ அந்த நாட்களில் பாதி வேலையில் லேப்டாப்போடு தொடர்பை அறுத்துக்கொண்டு நின்றுவிடும். தொடர்பு அறுந்தால், வெட்டுமுனை எங்கே நிற்கிறது என்பதே அதற்கு மறந்துபோகும். நான் மென்பொருளை மாற்றினேன். இன்னொருவர் கேபிளை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

மெர்லின் எதையும் தொடவில்லை. டீ டம்ளரோடு மாடிப்படியில் நடுவாக உட்கார்ந்து, மேலே ஒரு காதும் கீழே ஒரு காதுமாக இருந்தார். பிறகு, "அக்கா, கிரைண்டரை நிறுத்திட்டு மறுபடி போடுங்க" என்று குரல் கொடுத்தார். கீழே கிரைண்டர் உயிர்பெற்ற அதே நொடியில் எங்கள் திரையில் தொடர்பு போனது. மறுபடி போடச் சொன்னார், மறுபடியும் போனது.

பதறிப்போன அக்கா, செதுக்கும் நாளில் கடையையே மூடிவிடுவதாகச் சொன்னார். எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மெர்லின் ஒப்பவில்லை. "உங்களை நிறுத்திடலாம். பக்கத்து வீட்டு பம்ப் மோட்டாரை எவன் நிறுத்துவான்? ஊரையே ஆஃப் பண்ணிட்டு வேலை செய்ய முடியாதுக்கா." ஒரு சோதனை பல்பை எடுத்து வீட்டின் மூன்று துளை பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எர்த் துளைகளுக்குப் பின்னால் ஒயரே இல்லை. கிரைண்டர் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் எங்கள் கேபிளுக்குள் புகுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் கன்னடத்தில் நயமாகப் பேசி, வாசலோரம் குழி தோண்டவைத்து, கரியும் உப்பும் கொட்டி எர்த் கம்பி இறக்கவைத்தார். இயந்திரத்தின் உடலை அதோடு இணைத்தார். அந்த இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போட்ட குட்டை கேபிள் ஒன்றை வாங்கிவந்தார். பிறகு கிரைண்டர் ஓட ஓட, வெறும் பலகைகளில் 'சிவகாமிக்கு' என்று செதுக்கிக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூட தொடர்பு அறவில்லை. அப்போதும் அவர் திருப்தியடைய சில வாரங்கள் பிடித்தன.

அந்த நாள் வந்தது. தலைமாட்டுப் பலகையை இறுக்கி, வெட்டுமுனையை முதல் எழுத்தின் தொடக்கத்தில் நிறுத்தினோம். அக்கா பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க கீழ போய் மாவாட்டுங்கக்கா" என்றார் மெர்லின். நான் திடுக்கிட்டு, இன்றைக்காவது கிரைண்டர் வேண்டாமே என்றேன். "மிஷின் தாங்கும். இங்க நின்னா அவங்கதான் தாங்க மாட்டாங்க" என்றார் மெல்ல. அக்கா இறங்கிப் போனார். கிரைண்டர் சத்தம் தரை வழியாகக் காலுக்கு ஏறியது. மெர்லின் தொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். பென்சில் கோடு முனைக்கடியில் மறைந்து பள்ளமாக வெளிவந்தது. அவர் முகத்தில் துளி பயம் இல்லை. ஒரு மனுஷிக்கு இவ்வளவு நம்பிக்கை இருக்க முடியுமா என்று அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அக்கா வந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் எழுத்துகளைத் தொடர்ந்தார். 'மி'யின் வளைவில் விரல் நின்றது. அங்கே ஒரு சின்ன வெட்டு, கோடு துள்ளியதுபோல. இயந்திரம் தவறிவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவினார். "இங்கதான் பென்சில் முனை உடைஞ்சுது. நான் சிரிச்சிட்டேன். கோச்சுக்கினு போய் சீவிட்டு வந்து மிச்சத்தை எழுதினாரு" என்றார்.

அக்கா கீழே போன பிறகு, அந்த வெட்டு எப்படி அப்படியே வந்தது என்று மெர்லினிடம் கேட்டேன். "படியெடுக்கும்போது கம்ப்யூட்டர் கேட்டுச்சு, கோட்டைச் சீராக்கட்டுமான்னு. வேணான்னுட்டேன். அது அவரு கை, நாம யாரு?" என்றார்.

இப்போதும் நான் எதையாவது வரைந்தால் திரையில் அந்தக் கேள்வி வருகிறது. என் விரல் நேராக 'வேண்டாம்' மேல் போகிறது. மெர்லின் என்னிடம் மிச்சமிருப்பது அந்த விரலில்தான்.