சின்னப்பையனுக்கு ஒரு பறி

எண்ணூர் ஸ்டேஷனில் சீட்டு வாங்கியதும் கெங்கம்மா அதை முன்பற்களுக்கிடையே வைத்துக் கடித்துக்கொள்வாள். முந்தானையில் முடிவதில்லை, கையிலும் வைத்துக்கொள்வதில்லை. ராயபுரத்தில் இறங்கி கேட்டைத் தாண்டுகிறவரை அது அங்கேதான் இருக்கும். டிக்கெட் கலெக்டர் கையை நீட்டினால் இவள் முகத்தை நீட்டுவாள். அவரே இரண்டு விரலால் உருவிக்கொள்ள வேண்டும். உருவிவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்தபடி, ரயில்வே கம்பெனிக்காகத் தாம் படும் பாட்டை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார்.

சீட்டு மட்டுமல்ல. புகையிலைப் பொட்டலம், மீன் அரிகிற கத்தி, கொண்டை ஊசி, அவிழ்ந்துபோன கயிற்றின் நுனி, எல்லாம் அந்தப் பற்களுக்குத்தான். தொழில் கொடுத்த பழக்கம். அவள் ஊரான காத்திவாக்கத்துப் பெண்கள் உப்பங்கழியில் இறால் பிடிப்பது வலையால் அல்ல, விரலால். மார்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்டதை வாயில் கவ்வியிருக்கும் பறியில் போட்டுக்கொண்டே நகருவார்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. கெங்கம்மா பாவாடை கட்டிய வயதிலிருந்து கவ்வுகிறாள். அதனால் ஆயுளில் பாதி நேரம் அவள் பேசாமல் இருந்திருக்கிறாள் என்று ஏற்படுகிறது. மீதிப் பாதியைக் கேட்டவர்கள் இதை நம்புவதில்லை.

ஊரார் விசாரிப்பதை விட்டுவிட்ட பிறகு அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தான். சின்னப்பையன் என்று பெயர். பிறந்த உடனே அவன் ஒரு வழக்குக்குக் காரணமானான். அவனை யார் தூக்குவது என்பது வழக்கு.

பிரதிவாதி கெங்கம்மா. வாதி அவள் நாத்தனார் தங்கபுஷ்பம், காலடிப்பேட்டைக்காரி. தங்கபுஷ்பத்துக்கு ஓட்டு வீடு உண்டு, வரிசையாகப் பித்தளைக் குடம் உண்டு, மணி அடிக்கிற சுவர்க்கடிகாரம்கூட உண்டு. பிள்ளை மட்டும் இல்லை.

"புள்ள நடக்கற வரிக்கும் எங்கூட்ல இருக்கட்டும்டி. தலையில எறாக்கூடை, இடுப்புல புள்ள, கையில தராசு. உனுக்கு இன்னா மூணு கையா கீது?" என்றாள் தங்கபுஷ்பம்.

"நடக்கற வரிக்கும்னா எங்க நடக்கற வரிக்கும், அண்ணி? பள்ளிக்கூடத்துக்கா, மாமியா வூட்டுக்கா?" என்றாள் கெங்கம்மா.

நடுவர் அப்பாவு. கெங்கம்மாவுக்குப் புருஷன், தங்கபுஷ்பத்துக்குத் தம்பி; துறைமுகத்தில் சரக்குப் படகு தள்ளுகிறவன். அக்காவின் சோற்றையும் தின்றவன், பெண்டாட்டியின் சோற்றையும் தின்கிறவன். ஆகவே அவன் தீர்ப்பு நடுநிலையாக இருந்தது. "மழ வுட்டு எறா எறங்கறதுக்குள்ள புள்ளைய தூக்கினு போறதுக்கு ஒரு வழி பண்ணிக்கமே. இல்லாட்டி அக்கா வூடுதான்." இதைச் சொல்லிவிட்டு, பெரிய பாரத்தை இறக்கியவன்போல வெற்றிலை போட்டுக்கொண்டான்.

அன்று தொடங்கியது கெங்கம்மாவின் தேடல். அவள் நிபந்தனைகள் சுருக்கமானவை: "வழிக்கும் ஆவணும், வூட்டுக்கும் ஆவணும். என் உசுரையும் வாங்கக் கூடாது."

முதலில் பழைய சேலை. அதற்குக் குற்றம் சொல்ல முடியாது, நனையாதவரை. மழைக்காலத்து எண்ணூரில் நனையாதது எது? நனைந்த சேலை நீளும். எண்ணூரில் முதுகுக்கு மேலே ஏறிய சின்னப்பையன் திருவொற்றியூரில் இடுப்புக்கு வந்தான், தண்டையார்பேட்டையில் இன்னும் கீழே போனான், கொருக்குப்பேட்டையில் எதிர்ப் பலகைக்காரி மடியில் இறங்கிவிட்டான். அவள் கீரைக்காரி; நல்ல மனுஷி. "உன் புள்ள முன்னாடியே எறங்கிட்டான், நீ ராயபுரம் போயி எறங்கு" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு சௌக்கத் அலியின் கடை. சீமைக்குத் திரும்புகிற துரைகள் விட்டுப்போகும் சாமான்களை ராயபுரத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு எல்லாம் லண்டனில் பிறந்த கதை சொல்கிறவர் அவர். நான்கு சக்கரமும் கறுப்புக் குடையும் வைத்த துரைசானி வண்டி ஒன்றை வெளியே இழுத்துவிட்டார்.

"ஸ்பிரிங்கு கீது பாரும்மா. கவர்னர் புள்ள படுத்த மாரி படுத்துக்கும்."

கெங்கம்மா ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். எதையும் தூக்கிப் பார்த்த பிறகுதான் அவள் கண்ணால் பார்ப்பாள். "பாய், இத்த இஸ்துகினு போறதுக்கு மாடும் சேத்து குடுப்பியா?"

"ரோட்டுல வுட்டா பூ மாரி போவும்மா!"

"எங்கூட்டாண்ட ரோடு ஏது? மணல்தான். அதுல பொதைஞ்சா புள்ளைய நான் எடுத்துக்குவேன், வண்டிய உங்க கவர்னரா வந்து தோண்டுவாரு?"

சௌக்கத் அலி மனம் தளராமல் மாலுமி ஒருவன் விட்டுப்போன கித்தான் பையை எடுத்துப் போட்டார். அது காய்ந்தால் பலகை, நனைந்தால் பாறை. தவிர தார் நாற்றம். இறால் நாற்றத்தில் பிறந்து வளர்ந்த சின்னப்பையன் அதற்கு மூக்கைச் சுளித்தான். அவனுக்கும் ஒரு கௌரவம் உண்டல்லவா?

இதற்குள் அப்பாவுக்கும் தகப்பன் என்ற ரோஷம் வந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து ஒரு நாள் சாயங்காலம் பெரிய பொருள் ஒன்றைக் கொண்டுவந்தான். கப்பல் முழுகினால் மனிதர்கள் மார்பில் கட்டிக்கொள்கிற தக்கைச் சட்டை. "இதுல வெச்சு கட்டிக்கமே. கழியில வுழுந்தாகூட புள்ள மெதக்கும்!"

கெங்கம்மா பல்லிலிருந்த கயிற்றை எடுத்தாள். "புள்ளைய தூக்கறதுக்கு வழி கேட்டா, முழுவறதுக்கு வழி கொண்டாந்து கீறான் பாரு என் ராசா!"

அந்தத் தக்கைச் சட்டை இப்போது அவர்கள் வீட்டுக் கோழிக்கு இருப்பிடம். கோழி இதுவரை முழுகவில்லை.

மழை விட்டது. கழியில் இறால் இறங்கிவிட்டதென்று பேச்சு வந்தது. தங்கபுஷ்பம் காலடிப்பேட்டையில் தொட்டில் வாங்கிவிட்டாள் என்றும், அதற்குக் கிளி பொம்மை கட்டியாகிவிட்டது என்றும் சேதி வந்தது. அன்றைக்குக் கெங்கம்மா பனங்குருத்து வெட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இறால் பறி முடைவதுபோலவே முடைந்தாள். ஆனால் பெரிதாக, வாய் அகலமாக, அடி வட்டமாக. உள்ளே பழஞ்சேலையை மடித்துப் போட்டாள். இரண்டு காது வைத்துத் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டினாள். காற்று புகுந்து வெளியே போகும். ஒரு விரலில் மாட்டித் தூக்கலாம். சின்னப்பையன் உள்ளே போனதும் ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான்.

"தோள்ல மாட்னா தோள்ல. கொம்புல மாட்னா கொம்புல. ரயில்ல கொக்கியில மாட்னா இஞ்சினே தாலாட்டும்" என்று கெங்கம்மா ஊரெல்லாம் காட்டினாள். கழியில் இறங்கும்போது கரையோரச் சேற்றில் ஒரு கொம்பை நட்டுப் பறியை அதில் மாட்டிவிடுவாள். சேற்றைத் தடவும் கை தடவட்டும், கண் மட்டும் கொம்பைவிட்டு நகராது.

ஒரே ஒரு குறை. நார்க்கயிறு தோளைத் தின்றது. ரவிக்கை போடாத தோளில் நாளுக்கு நாள் சிவந்து, பிறகு கறுத்து, ஒரு கோடு விழுந்தது. பக்கத்து வீட்டு ராஜாத்தி கேட்டதற்கு, "கவுறுன்னா கவுறு மாரிதாண்டி இருக்கும், மல்லிப்பூவா இருக்கும்?" என்று பதில் வந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வேலப்பன் கையை விட்டான்.

வேலப்பன், துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் சாப்பிடுகிற கிளப்பில் சமையற்காரன். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் பெண்கள் பறிகளை இறக்கி ஈரத்துணியால் மூடி வைத்திருப்பார்கள். இவன் விலை கேட்க மாட்டான், உத்தரவும் கேட்க மாட்டான். நேரே ஒவ்வொரு துணிக்கும் அடியில் கையை விட்டுத் தடவி, "செத்தது, செத்தது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போவான். சுடுகாட்டு வெட்டியான்கூட இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டான். அன்றைக்குக் கெங்கம்மா கூடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பறியில் கையை விட்டான். உள்ளே இருந்தது அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

"ஐயையோ! உசுரோட கீதே!"

"பின்ன? தெனம் செத்ததுன்னு சொல்லுவியே மாமு, இன்னிக்கு சொல்லு பாக்கலாம்!"

வாசலே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடுத்த வண்டியில் ஏறி வடக்கே போயிற்று. தண்டையார்பேட்டையில் வேலப்பன் பிள்ளையைத் தராசில் வைத்துவிட்டான். திருவொற்றியூரில் விலை பேசிவிட்டான். காலடிப்பேட்டைக்குள் நுழையும்போது பேரம் படிந்துவிட்டது, சமையல்தான் பாக்கி.

மறுநாள் காலை மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு ஜட்கா வந்து நின்றது. தங்கபுஷ்பம் இறங்கினாள். அப்பாவு அன்று வேலைக்குப் போகவில்லை. அது அவன் துரதிருஷ்டம். கெங்கம்மா கழி நடுவே மார்பளவு தண்ணீரில், வாயில் பறியோடு இருந்தாள். கரையில் கொம்பில் பிள்ளை தூங்கினான்.

"எறாவோட எறாவா எம்புள்ளைய விக்கறாளாமே! ஒன் பேச்சுக்கு நாள் முடிஞ்சுபோச்சுடா தம்பி. தூக்கு அத்த!"

"நீயே தூக்கிக்கோக்கா" என்றான் அப்பாவு, மணலைப் பார்த்து.

தங்கபுஷ்பம் தூக்கினாள். கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜட்காவைப் பார்த்து நடந்தாள். கழியில் தடவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். சேற்றில் ஓட முடியாது. கத்தலாம். ஆனால் வாயைத் திறந்தால் விடியற்காலையிலிருந்து பிடித்த இறால் போய்விடும். திறக்காவிட்டால் பிள்ளை போய்விடும்.

கெங்கம்மா வாயைத் திறந்தாள். பறி கவிழ்ந்தது, உள்ளே இருந்தவை உள்ளே இருந்ததையே மறந்து நீந்திப் போயின. ஊரே அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவள் வசவுக்கு அவ்வளவு பெயர்.

"அண்ணீ! வெறும் தோள்ல மாட்டாத! கவுறு அறுக்கும்! முந்தானைய மடிச்சு அடியில குடு!"

தங்கபுஷ்பம் நின்றாள். தண்ணீரிலிருந்து எழுந்து நின்ற கெங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தோளைப் பார்த்தாள். பிறகு தங்கபுஷ்பம் கொம்பிடம் திரும்பி வந்து பறியை மாட்டினாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"த்தூ, இன்னா நாத்தம்! இந்தக் கலீஜ எங்கூட்டுக்குள்ள வுட்டா எங்கூட்டுக்காரரு என்னையும் சேத்து வெளிய தள்ளுவாரு. நீயே வெச்சுக்கோடி உம்புள்ளைய!"

ஜட்கா போய்விட்டது. ஓட்டு வீட்டையும் சுவர்க்கடிகாரத்தையும் இறால் நாற்றம் ஜெயித்துவிட்டதென்று காத்திவாக்கம் வெகுநாள் பெருமை பேசிற்று. தங்கள் நாற்றத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்று அவர்களே அறிந்திருக்கவில்லை. காலடிப்பேட்டைக்காரியின் மூக்கைப்பற்றிப் பாட்டுகூடக் கட்டினார்கள்.

கொஞ்ச நாளில் பறிக்குப் புது வார் வந்தது. அரக்கு நிறப் பட்டு, நடுவே கறுத்துப்போன ஜரிகை; பல மடிப்பாக மடித்து நெருக்கமாகத் தையல் போட்டது. தோளில் விழுந்தால் விழுந்தது தெரியாது. எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களிடம் கெங்கம்மா, "பாய் கடையில" என்றாள். சௌக்கத் அலியிடம் போய்க் கேட்டவர்களுக்கு அவரும், "ஆமாம்மா, நம்ம சரக்குதான். லண்டன்ல ராணியம்மா ஊட்ல கட்டினது" என்றார். அதன் பேரில் இரண்டு மூன்று சீமைத் திரைச்சீலைகளையும் விற்றுத் தீர்த்தார்.

ஒன்று மட்டும் வேடிக்கை. கோவிலில் திருநீறு வாங்கும்போதுகூடத் துடைக்காத கையைக் கெங்கம்மா இந்த வாரைத் தொடும்முன் இடுப்பில் துடைத்துக்கொள்வாள். உலகத்தில் உள்ளதையெல்லாம் கடித்தவள் இதை ஒரு தடவைகூடப் பல்லில் வைக்கவில்லை. ராணியம்மா வீட்டுச் சரக்கு என்று அவளே நம்பிவிட்டாள் போலிருக்கிறது என்று ராஜாத்தி சிரிப்பாள்.

தை மாதத்தில் தங்கபுஷ்பத்தின் கொழுந்தனுக்குக் கல்யாணம். விஷயம் தெரிந்தது அங்கேதான். பந்தல் வாசலில் தங்கபுஷ்பம் தன் முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரக்கு நிறம். கீழ்ப்பக்கம் கறுத்த ஜரிகைக் கரை ஓடியது. மேல்பக்கம் கரையே இல்லை. கத்தரித்த இடத்தை மடித்துத் தைத்திருந்தது. சின்னப்பையனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த கெங்கம்மா, கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, அண்ணியின் தோளில் அந்தக் கரையில்லாத விளிம்பை உள்ளே மடித்து, பல்லில் கடித்திருந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டாள்.