இடப்பக்கம் சாய்ந்த பந்து

மைலோ கெஸ்லர் செத்த மறுநாள் டுலூத் நகரத்துப் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்ட தலைப்பு இதுதான்: 'இடப்பக்கம் உதைத்தவர் காலமானார்.' பதினோரு வருடம் அமெரிக்கக் கால்பந்தைத் தொழிலாக ஆடியவன். இருநூற்றுப் பதினாறு தடவை பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பியவன். அதெல்லாம் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில். ரஸ்ஸல் டூப்ரே அந்தப் பத்திரிகையை நாலாக மடித்துத் தன் பட்டறையில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்த டிரக்குக்கு அடியில் விரித்தான். அதற்காவது உதவட்டும்.

இது அவனுக்குப் புது எரிச்சல் இல்லை. இருபத்தாறு வருடமாக வயிற்றில் கிடந்தது. மதுக்கடையில், முடிவெட்டும் இடத்தில், ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிக்க உட்காரும் இடத்தில் எவனாவது மைலோ பேரை எடுத்து இடது கையை நீட்டிக் காட்டுவான். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். ரஸ்ஸல் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவான். மைலோ இடப்பக்கம் உதைத்துத் தவறவிட்ட அந்தப் பந்தை அன்றைக்குத் தரையில் நிறுத்திப் பிடித்தது அவன் கை.

இந்த ஆட்டத்தில் உதைப்பவன் தனி ஆள். மற்றவர்கள் சேற்றில் புரண்டு, பல்லை உடைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் முட்டி மோதுவார்கள். உதைப்பவன் ஓரமாக ஒரு வலைக்குள் பந்தை உதைத்துக் காலைச் சூடாக வைத்துக்கொண்டிருப்பான். பிறகு ஒரு நொடி கூப்பிடுவார்கள். ஒருவன் குனிந்து தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிவான். முட்டி போட்டிருக்கும் இன்னொருவன் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்தி, உச்சியில் ஒரு விரலை வைத்துக்கொள்வான். உதைப்பவன் ஓடிவந்து உதைப்பான். கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. போகாவிட்டால் அன்று முழுக்க அவன் பக்கத்தில் ஒருத்தனும் உட்காரமாட்டான்.

மைலோ டுலூத்துக்குப் பக்கத்து ஊரான டூ ஹார்பர்ஸ்காரன். அப்பா இரும்புக்கல் ஏற்றும் துறையில் ரயில் ஓட்டியவர். மைலோ ஐந்தடி எட்டங்குலம், ஒல்லி. ஒன்பது அணிகள் அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டு ஒன்பதும் அனுப்பிவிட்டன. அனுப்பும் விதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். காலையில் ஓர் ஆள் வந்து அறைக்கதவைத் தட்டுவான், "கோச் கூப்பிடறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்பான். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் வேலை போயிற்று என்று அர்த்தம். கதவு தட்டும் சத்தம் கேட்டு நூற்றிருபது கிலோ ஆட்களே கழிப்பறையில் ஒளிந்துகொள்வார்கள். மைலோ ஒளியவில்லை. பத்தாவதாக டுலூத் முகாமுக்கு வந்தபோது, வந்த முதல் நாளே கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, புத்தகத்தை வாசலில் நாற்காலிமேல் வைத்தான்.

அறைத் தோழன் ரஸ்ஸல் எரிந்து விழுந்தான். ராத்திரிக் குளிர் உள்ளே வருகிறதே என்று அவனுக்குக் கோபம்.

"தட்டுறதுக்குக் கதவு இருந்தாத்தானே தட்டுவான்? என்னை அனுப்பணும்னா நேரா வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்" என்றான் மைலோ.

அந்த வருடம் ஒருத்தனும் வரவில்லை. நாற்காலியும் புத்தகமும் நாலு வருடம் அப்படியே இருந்தன.

ரஸ்ஸல் அந்த அணியில் பந்தைக் கையிலிருந்து விட்டு உயர உதைத்து எதிரணியிடம் அனுப்புகிறவன். அந்த வேலை செய்கிறவன்தான் பந்து பிடிக்கவும் முட்டி போடுவான். இந்த ஆட்டத்தின் வழக்கம் அது. மைலோவுக்குப் பந்து நேராக நின்றால் பிடிக்காது. ரஸ்ஸல் இருக்கிற வலப்பக்கம் ஒரு விரல்கனம் சாய்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு விரல்கனத்துக்காக இருவரும் கோடை முழுக்க மைதானத்தில் வெயிலில் கிடந்தார்கள். நாளைக்கு நூறு பந்து. ரஸ்ஸலின் முட்டியில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது.

பெரிய உடம்புக்காரர்களுக்கு மைலோவைக் கண்டால் இளக்காரம். முன்வரிசையில் நிற்கும் பர்ல் ஹட்சன் ஒருநாள் எல்லார் முன்னிலும் அவன் சட்டையைத் தூக்கிப் பிடித்தான். "இதுல ஒரு பொட்டு அழுக்கு இருக்கா பாருங்கடா. துவைக்கவே வேணாம், அப்படியே கடையில திருப்பிக் குடுத்துடலாம்."

மைலோ அவசரப்படவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஹட்சனின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியபோது, தன் சட்டையைக் கழற்றி அவன் மடியில் போட்டான். "இந்தா, தொடச்சிக்க. சுத்தமாத்தான் இருக்கு." அதற்குப் பிறகு ஹட்சன் அவனைச் சீண்டவில்லை. அவனுக்காக மற்றவர்களைச் சீண்டினான்.

நாலாவது வருடம் டுலூத் அரையிறுதிக்கு வந்தது. ஜனவரி. எதிரே மில்வாக்கி. சூப்பீரியர் ஏரியிலிருந்து வந்த காற்று கன்னத்தை அறுத்தது. காபி கோப்பையிலேயே உறைந்தது. இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறார்கள், ஆறு நொடி மிச்சம், முப்பத்தொரு கஜம். மைலோ தூக்கத்தில்கூட உதைக்கிற தூரம்.

மில்வாக்கிக்காரர்கள் வழக்கமான குறும்பைச் செய்தார்கள். உதைக்கப்போகும் நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள், உதைப்பவன் நின்று யோசித்துப் பயப்படட்டும் என்று. மைலோ யோசிக்கவில்லை. அவர்கள் கோச்சைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நின்றான். யோசித்தது ரஸ்ஸல். அந்த ஒரு நிமிடமும் விரல் விறைக்கக்கூடாதே என்று கையை இடுப்பில் கட்டியிருந்த கம்பளிப் பையில் விட்டுக்கொண்டான். பந்து பிடிப்பவன் செய்யக்கூடாத காரியம். குளிர்ந்த விரல் குளிர்ந்த பந்தில் வழுக்கும், அதைச் சமாளிக்கலாம். சூடாகி வியர்த்த விரல் ஈரப்பந்தில் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டது. பந்தை நிறுத்தினான், அது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. திருத்த விரலை அசைத்தான், விரலோடு பந்தும் சேர்ந்து சாய்ந்தது. அதற்குள் மைலோவின் கால் வந்துவிட்டது. பந்து உயரமாக, அழகாகக் கிளம்பி, இடது கம்பத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் போயிற்று. ரஸ்ஸலின் விரல் நுனித்தோல் பந்தோடு போயிற்று.

உடை மாற்றும் அறையில் பத்திரிகைக்காரர்கள் மைலோவைச் சூழ்ந்துகொண்டார்கள். பந்து சரியாக வந்ததா, சரியாகப் பிடித்தார்களா என்று துருவினார்கள். ரஸ்ஸல் கட்டுப்போட்ட விரலோடு வாயைத் திறந்தான். மைலோ முந்திக்கொண்டான்.

"வந்தது சரி, பிடிச்சது சரி. உதைச்சது நான். வேற கேள்வி இருக்கா?"

இருந்தது. ஒரு மணி நேரம் கேட்டார்கள். ஒரு மணி நேரமும் அதையே சொன்னான், தலையைக் குனியாமல்.

அந்த வசந்தத்தில் டுலூத் அவனை அனுப்பிவிட்டது. நேரில் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை, கடிதம் போட்டார்கள். அவன் ஒமாஹாவுக்குப் போனான், அங்கிருந்து லூயிவில், பிறகு சாக்ரமென்டோ. இன்னும் ஏழு வருடம் ஆடினான். போன ஊரிலெல்லாம் ஜனங்கள் அட்டையில் இடப்பக்கம் காட்டும் அம்புக்குறி வரைந்து கொண்டுவந்தார்கள். லூயிவிலில் ஒருத்தன் ஆள் உயரத்துக்குத் தகரத்திலேயே செய்து வந்தான். ஆட்டம் முடிந்ததும் மைலோ வேலியேறிப் போய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். டூ ஹார்பர்ஸில் வீடு வாங்கியபோது, தபால்பெட்டிக்கு மேல் அந்த அம்பைத்தான் ஆணியடித்து வைத்தான். சாலையிலிருந்து பார்த்தால் அது சரியாக அவன் வாசலைக் காட்டும். வழி கேட்பவர்களிடம், "அம்பு காட்டற பக்கம் வாங்க, தப்பவே தப்பாது" என்பான்.

ரஸ்ஸலால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஒருமுறை வானொலிக்காரன் ஒருத்தனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அதை மைலோவிடமும் சொன்னான். மைலோ ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து பட்டறை வாசலில் நின்றான்.

"நீ சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கெஸ்லர் இத்தனை வருஷம் கழிச்சு ஒரு சாக்கு கண்டுபிடிச்சான்னு சொல்லுவானுங்க. இதுவரைக்கும் தவறவிட்டவன்னு பேரு. அத நான் தூக்கிப்பேன். சாக்குச் சொன்னவன்ங்கிற பேரை என்னால தூக்க முடியாதுடா, ரஸ். வாயத் திறந்தே, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

ரஸ்ஸல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மைலோவுக்குத் தெரியுமா, பந்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று? ஓடிவருகிறவன் கண்ணில் அது பட்டிருக்குமா? கேட்க ரஸ்ஸலுக்குத் துணிவு வரவில்லை. இருபத்தாறு வருடம் வரவில்லை.

போன அக்டோபரில் பழைய மைதானத்தை இடிக்கப்போவதாக அறிவித்து, கடைசி ஆட்டத்துக்குப் பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள். இடைவேளையில் ஒரு வேடிக்கை வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் அதே முப்பத்தொரு கஜத்திலிருந்து உதைக்கலாம். போட்டிக்குப் பேர் 'கெஸ்லரை மிஞ்சு'. மைலோ ஓரத்தில் நின்று கையாட்டவேண்டுமாம். ரஸ்ஸல் அந்த அழைப்பைக் கிழிக்கப் போனான். மைலோ பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது. இடது முட்டியில் உலோகம். இதயம் ஒழுங்காக அடிக்கவில்லை என்று டாக்டர் மூன்று மாத்திரை கொடுத்திருந்தார்.

ஐந்து பேரும் உதைத்தார்கள். ஒரு பல் டாக்டருடையது மட்டும் உள்ளே போயிற்று. கூட்டம் ஆரவாரம் செய்துவிட்டு, ஓரத்தில் நின்ற மைலோவைப் பார்த்து முப்பதாயிரம் இடது கைகளை நீட்டியது. மைலோ கையாட்டவில்லை. ரொட்டி வாங்கிய பையிலிருந்து பழைய உதைக்கும் ஷூவை எடுத்தான். உட்கார்ந்து நிதானமாக நாடாவைக் கட்டினான். கோட்டைக் கழற்றி அறிவிப்பாளர் கையில் கொடுத்தான், மாட்டுகிற ஆணியிடம் கொடுப்பதுபோல. பிறகு மைதானத்துக்குள் நடந்து, அந்த இடத்தில் குதிகாலால் புல்லைக் கீறி அடையாளம் வைத்தான். திரும்பி ரஸ்ஸலைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினான்.

ரஸ்ஸல் போனான். முட்டி போட்டபோது எலும்பு கடகடத்தது. கைகள் வெறுமையாக, ஏரிக்காற்றில் விறைத்துக் கிடந்தன. விறைக்கட்டும் என்று விட்டான். எறிவதற்கு ஆள் இல்லை, தானே பந்தை வைத்தான். இந்தத் தடவை பிசகமாட்டேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பக்கமாக, வலப்பக்கம், அந்த ஒரு விரல்கனம் சாய்த்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு சரியாகப் பந்து பிடித்ததில்லை.

மைலோ பின்னால் எண்ணி நடந்து நின்றான். பந்தைப் பார்த்தான். ஓடிவரவில்லை. நடந்து வந்து, மூச்சு வாங்க, ரஸ்ஸலின் காதருகே குனிந்தான். அதற்கு மூன்று வாரம் கழித்து அவன் செத்தான். ரஸ்ஸலிடம் அவன் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"இப்படி இல்லடா, ரஸ். அந்தப் பந்தைத்தான் உள்ள அனுப்பணும். அன்னிக்குப் பிடிச்ச மாதிரி பிடி. இடப்பக்கமாச் சாச்சு."