நாய்முகச் சாமிக்கு வடைமாலை

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் எகிப்து தேசத்துச் சாமி ஒன்று ஏறக்குறைய ஒரு மாதம் விபூதி பூசிக்கொண்டு நின்றது. அது யாரென்று தெரியவந்த அன்று என் அம்மா போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அந்த அலறல் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் அன்று நாங்கள் பட்ட அதிர்ச்சிகளில் அதுதான் மிகச் சிறியது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கோட்டைக்குப்பத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்காரர். அவரை நாங்கள் கப்பல் மாமா என்போம். எகிப்துத் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது கடைவீதியில் சுற்றி வாங்கிய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, முன்னதாக ஊருக்குத் திரும்பிய பொன்னேரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பெட்டியில் ஒரு சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம், எனக்கு ஒரு பொம்மை ஒட்டகம், பிறகு செய்தித்தாளில் சுற்றிய கறுப்புக் கல் சிலை ஒன்று.

சிலை ஒரு முழத்துக்கும் குறைவுதான். மனித உடம்பு, இடுப்பில் குட்டை வேட்டி, கையில் நீண்ட கோல். கழுத்துக்கு மேலே நாயின் முகம். காதுகள் இரண்டும் கத்தி நட்டதுபோல் நின்றன. நான் பயந்து பின்வாங்கினேன். அம்மா பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பைரவர்" என்றாள்.

அப்பாவுக்குச் சந்தேகம். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "பைரவருக்கு நாய் பக்கத்துலதான நிக்கும்? இதுல மூஞ்சியே நாயா இருக்கே" என்றார். நியாயமான கேள்விதான். நம் சாமிகளுக்கு மிருகம் பெரும்பாலும் காலடியில் இருக்கும். மயில்மேல் முருகன் உட்காருவான், மயில் முருகன்மேல் உட்காராது. அம்மா அசரவில்லை. பிள்ளையாருக்கு யானை முகம் இருக்கலாமென்றால் பைரவருக்கு நாய் முகம் இருந்தால் என்ன, அந்த ஊரில் இப்படித்தான் செய்வார்களாக்கும் என்று முடித்துவிட்டாள்.

அன்றே அது அலமாரி ஏறியது. முருகனுக்கும் சிவன் படத்துக்கும் நடுவில் இடம். தேய்பிறை அஷ்டமிக்கு மிளகைத் துணியில் முடிந்து எண்ணெயில் நனைத்து விளக்கேற்றினாள். வடை சுட்டு நூலில் கோத்து மாலை போட்டாள். காதுகள் நீளமாக இருந்ததால் மாலை தோளில் விழாமல் காதிலேயே தொங்கியது. அந்த வாரம் நைனாவின் வலையில் இறால் நன்றாகப் பட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? தெருவே வந்து கும்பிட்டது. நைனாவும் கடலுக்குக் கிளம்பும்போது அதன் பாதத்திலிருந்த விபூதியை எடுத்துப் பூசிக்கொள்ள ஆரம்பித்தார்.

கும்பிடாதவள் ஒருத்தி மட்டும்தான். என் அத்தை, நைனாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது முகத்துவாரத்து மணல்திட்டில் மோதி ஒரு படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அத்தையின் கணவர் மட்டும் கிடைக்கவில்லை. பல நாள் தேடினார்கள். வைக்கோலில் ஆள் உருவம் செய்து கொளுத்திக் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்கள். "வைக்கோலுக்கு நான் எதுக்கு அழணும்?" என்று கேட்டு அவர்களைத் திருப்பியனுப்புவாள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாகப் பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்றாள். அவள் காதுபடாமல் ஊர் பேசியது. அவள் காதுபட எங்கள் வீட்டில் கடல், படகு, சாவு என்று எதுவும் பேசமாட்டோம். மீனவர் வீட்டில் இதைப் பேசாமல் நாளை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

கப்பல் மாமா வந்து சேர்ந்த நாள், காலையிலிருந்தே காற்று சரியில்லை. நைனா விடியும் முன்பே கடலுக்குப் போயிருந்தார். மதியமாகியும் திரும்பவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அத்தை மார்க்கெட்டிலிருந்து வந்து கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா பையை இறக்கி வைத்தார், தண்ணீர் குடித்தார், அலமாரியைப் பார்த்தார். குடித்த தண்ணீர் புரையேறியது.

"அக்கா, இத எதுக்கு இங்க வெச்சிருக்க?"

"பைரவர வேற எங்கடா வெப்பாங்க?"

"யாரு பைரவருன்னு சொன்னது? ஷோகேஸ்ல வெக்கலாம்னு வாங்கினு வந்தேன். இது அந்த ஊரு சாமி. பொணத்துக்குக் காவல் இருக்கிற சாமி."

அம்மா அலறியது அப்போதுதான். கையிலிருந்த பித்தளைச் செம்பு உருண்டு போய்க் கட்டில் காலில் இடித்து நின்றது. "அடப்பாவி, அவரு கடலுக்குள்ள இருக்காருடா. காலையில இதுங்கிட்ட விபூதி எடுத்துனு போனாருடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிலையின் காதில் தொங்கிய வடையைப் பிய்த்துத் தின்றவள் நான்.

மாமா ஏதேதோ சமாதானம் சொன்னார். "கறுப்புன்னா அங்க சாவு கெடையாதுக்கா. ஆத்து வண்டலோட நெறமாம். அதுலேர்ந்துதான் பயிரு மொளைக்குதுன்னு கடைக்காரன் சொன்னான்." அம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை. கையால் தொடப் பயந்து, பழைய கோணியைச் சிலைமேல் போட்டு மூடித் தூக்கினாள். ஏரியில் கொண்டுபோய் எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று வாசலுக்குத் திரும்பினாள்.

கொல்லைக் கதவில் அத்தை நின்றாள். கையெல்லாம் செதில்.

"இரு. அந்த சாமி பொணத்த இன்னா பண்ணும்?"

அந்தச் சொல்லை அவள் வாயால் நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா கோணியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசல் கதவருகே நின்றார்கள். மாமா என் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லு தம்பி" என்றாள் அத்தை.

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ஊர்ல ஒரு ராஜா, ஆத்தோரத்துல நல்லா ஆண்டுனு இருந்தானாம். கூடப் பொறந்த தம்பியே அவனக் கொன்னு, துண்டு துண்டா வெட்டித் தண்ணியில வுட்டுட்டான். அவன் பொண்டாட்டி படகு எடுத்துனு தேடிப் போனா."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. ஒவ்வொரு துண்டா பொறுக்கினு வந்தா. இந்த சாமிதான் எல்லாத்தையும் ஒண்ணு சேத்து, தைலம் தடவி, கால்லேர்ந்து தலை வரைக்கும் துணி சுத்தி முழு ஆளா ஆக்கிக் குடுத்துச்சு. அவ பருந்தா மாறி றெக்கைய வீசி வீசி மூச்சு குடுத்தா."

பருந்து என்றதும் அம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. கருவாடு காயும் இடத்தில் வட்டமிடும் செம்பருந்தைக் கருடனென்று கும்பிடுவதும், அதே கருடன் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவதும் அவள் வழக்கம். பயத்தை மறந்து அவளும் கதைக்குள் வந்துவிட்டாள். "நம்ம சாவித்திரி மாதிரி" என்றாள்.

மாமா தலையாட்டினார். "சாவித்திரி எமன்கிட்ட பேசி ஜெயிச்சா, புருஷன் எழுந்து வூட்டுக்கு வந்துட்டான். இவன் வரல. செத்தவங்க போற அந்த லோகத்துக்கே ராஜாவாயிட்டான்."

"வரவே இல்லியா?" என்றாள் அத்தை.

"வரல."

"அவ்ளோ தேடியும்?"

"அவ தேடி எடுத்து ஒழுங்கா துணி சுத்தினதாலதான் அவன் அங்க ராஜாவானானாம். இல்லன்னா அவனுக்கு அங்க போறதுக்கே வழி இல்லியாம். வழி காட்டுறதும் இந்த நாய்முக சாமிதான்."

அத்தை விரலில் ஒட்டிய ஒரு செதிலைச் சுரண்டினாள். பிறகு கேட்டாள். "எல்லாத் துண்டும் கெடச்சுதா?"

மாமா பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்குப் பொய் வராது. "ஒண்ணு மட்டும் கெடைக்கல. அத மீனு தின்னுடுச்சு" என்றார்.

அம்மாவின் கையிலிருந்து கோணி நழுவியது. கதவருகே நின்ற ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யார் முன்னால் எதைச் சொல்வது என்று இல்லையா என எல்லாருடைய கண்களும் மாமாவைக் குதறின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதையில் விட்டுப்போனதைத் தெரிந்துகொள்ளும் ஆவலில், "எந்தத் துண்டு மாமா?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. கையா, காலா என்று விடாமல் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா கூரையைப் பார்த்தார்.

அத்தை அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வாய்விட்டு, தோள் குலுங்க, சுவரில் சாய்ந்து சிரித்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்று அம்மா நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள். "அக்கா, மன்னிச்சுடுங்க" என்று மாமா அவள் காலருகே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று சொல்ல முடியவில்லை. செதில் ஒட்டிய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து, கோணியை விலக்கிச் சிலையைக் கையில் எடுத்தாள். அம்மா, "வேணாம் அண்ணி, வீட்டுக்கு ஆவாது, வுட்ருங்க" என்று கெஞ்சினாள்.

"சுடுகாட்டுச் சாம்பல பூசிக்கிறவரு படத்த பக்கத்துலயே வெச்சிருக்கியே" என்று அலமாரியிலிருந்த சிவனைக் காட்டினாள் அத்தை. "அவரு மட்டும் வூட்டுக்கு ஆவுமா?"

எமனுடைய வழியிலும் இரண்டு நாய்கள் காவல் இருப்பதாக நான் படித்தது பல வருஷம் கழித்துத்தான். அன்று தெரிந்திருந்தாலும் சொல்லத் தைரியம் வந்திருக்காது.

சாயங்காலத்துக்கு முன் நைனா வந்துவிட்டார். எஞ்சின் கோளாறு, வேறு படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார்களாம். அம்மா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவர் உட்காரக்கூட இல்லை, அத்தை எதிரில் வந்து நின்றாள்.

"தம்பி, ஊர்ல சொல்லிடு. அவருக்குக் காரியம் பண்ணிடலாம்."

நைனா கையிலிருந்த துண்டைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் அழுததையும் நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரமே ஏற்பாடானது. ஆண்கள் வைக்கோலில் உருவம் கட்டி முற்றத்தில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரிக்குத் தயாரானபோது அத்தை எழுந்து தன் கணவரின் வேட்டியை நீள நீளமாகக் கிழித்தாள். மாமாவைக் கூப்பிட்டு, அந்தச் சாமி துணி சுற்றுகிற படத்தைப் போனில் தேடிக் காட்டச் சொன்னாள். படத்தில் ஒரு நாய்முகச் சாமி, படுத்திருக்கும் ராஜாவின் மேல் குனிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, கால் விரலிலிருந்து தொடங்கி, இடைவெளி விடாமல் சுற்றிக்கொண்டே வந்தாள். குழந்தைக்குத் துணி சுற்றுவது போலத்தான் இருந்தது. பொம்பளை செய்கிற வேலையா இது என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் ஒப்பாரியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தை மூடும் முன் ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு யாரும் கை வைக்கும் முன் தாலியைத் தானே கழற்றி உருவத்தின் மார்பில் வைத்தாள். தலைமாட்டில் கறுப்புச் சாமியை வைத்தாள்.

கரையில் அத்தையின் கொழுந்தனார் தீ வைத்தார். மறுநாள் சாம்பலோடு சிலையையும் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதை எறிந்தே தீருவேன் என்றிருந்த அம்மா, வாசலில் அதற்குக் கற்பூரம் காட்டி வழியனுப்பினாள். நைனா படகிலிருந்து குனிந்து, எறியாமல், தண்ணீருக்குள் கையை விட்டு இறக்கிவிட்டதாகச் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் எனக்குப் பெரிய பயம் வந்தது. எனக்கு நினைவு தெரிந்து, நான் கண் விழிக்கும்போது அத்தையின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். விடியும் முன்பே கரைக்குப் போய்விடுவாள். மீன் எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன். மீன் ஏலம் விடிந்த பிறகுதானே, இருட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு அங்கே அவளுக்கு என்ன வேலை என்று நான் யோசித்ததில்லை. அன்று வெயில் கட்டிலைத் தொட்ட பிறகும் அவள் பாயில் கிடந்தாள். கூப்பிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அந்தச் சாமி அவளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டதென்று நினைத்து, மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு சூடாக வந்தது. லேசாகக் குறட்டைகூட விட்டாள்.

ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள். "கத்தாதடி. தூங்கட்டும் வுடு" என்று சொல்லிவிட்டு, வெயில் படாமல் ஒரு புடவையை எடுத்து ஜன்னலில் கட்டினாள்.

இரண்டு நாள் வேலையில் அத்தை களைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.