தகடு மாறாது, செடி மாறும்

அந்த மலையில் நீதிபதி நான்கு முறை செத்தார். முதல் முறை வெயில், இரண்டாம் முறை கரையான், மூன்றாம் முறை ஆடு. நான்காம் முறை எதனால் என்று தெரியவில்லை, அவருக்கே அலுத்துப்போயிருக்கலாம். ஒவ்வொரு முறையும் நாற்றுக்காரி கறுப்புப் பையைக் கிழித்து, புதுக்கன்றைக் குழியில் இறக்கி, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லி மண்ணை மிதித்தாள்.

வெட்டி மொட்டையடிக்கப்பட்ட மலையை மறுபடி காடாக்க ஊர்க்காரர்களே ஒரு குழு வைத்திருந்தார்கள். காட்டுக்கு என்று கேட்டால் யாருக்கும் காசு கொடுக்க மனசு வராது. செத்துப்போன சொந்தக்காரருக்கு என்றால் கை தானாகப் பைக்குள் போகும். இதைக் கண்டுபிடித்தவர் குழுத் தலைவர். பணம் கட்டினால் இறந்தவர் பெயரில் ஒரு கன்று, அதன் காலடியில் பெயரும் நட்ட வருஷமும் பொறித்த தகடு. வேலி, தண்ணீர் வண்டி, சம்பளம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். கன்று செத்தால் சத்தமில்லாமல் வேறொன்று வைத்துவிட வேண்டும்.

"தகடு மாறாது, செடி மாறும். ஆபீஸ்ல நாற்காலி அப்படியே இருக்கு, ஆள் மாறலையா?" என்பார் தலைவர்.

தண்ணீர் வண்டி ஓட்டும் நாற்றுக்காரியின் புருஷன் சாப்பிட உட்காரும்போது கேட்பான்: "என்னடி, இன்னிக்கு எத்தனை சாவு?" அவளும் சிரிப்பாள்.

சிரிப்பெல்லாம் வெளிச்சம் இருக்கிறவரைதான். பொழுது சாய்ந்து, நிழல்வலையைச் சுருட்டிவிட்டு இறங்கும்போது, பின்னால் யாரோ தகடு தகடாகக் குனிந்து படித்துக்கொண்டே வருவதுபோல் இருக்கும். தன் பெயரைக் கண்டுபிடித்த பிறகும், 'இது நான் இல்லையே' என்று திகைத்து நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் வேலிக்கம்பியில் கிழிந்த பை ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். பைதான், பைதான் என்று முணுமுணுத்தபடி நடையை எட்டிப் போடுவாள்.

ஒருநாள் தலைவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். மகன் பெயரில் கன்று வைத்த ஓர் அம்மா நேரில் பார்க்க வருகிறார். மனசுக்குப் பிடித்துவிட்டால் கிழக்குச் சரிவு முழுவதற்கும் அவரே செலவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். தகட்டின்படி நட்டு எட்டு வருஷம். கன்றோ முழங்கால் உயரம்.

"பக்கத்துல ஒண்ணு தானா முளைச்சு வாட்டசாட்டமா நிக்குதே, தகட்டைப் பிடுங்கி அதுங்கிட்ட நட்டுடு."

"அண்ணே, அது வேற மரம்ண்ணே."

"மரம் வாயைத் திறந்து, நான் அவன் இல்லைன்னு சொல்லப்போவுதா? கிழக்குச் சரிவு போச்சுன்னா உன் வேலையும் போச்சு, பாத்துக்க."

மறுநாள் காலையில் போய்த் தகட்டைப் பிடித்து இழுத்தாள். கீழேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டதுபோல் மண் கவ்வியிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் வந்திருக்கும். கையை எடுத்துவிட்டாள்.

அந்த அம்மா வந்தார். தகட்டைப் படித்தார். கன்றைப் பார்த்தார். தலைவர் முந்திக்கொண்டார்: "வறண்ட மண்ணும்மா, அதான் வளத்தி கொஞ்சம்..."

"இது எத்தனாவது?" அவர் கேட்டது நாற்றுக்காரியை.

தலைவருக்கு இருமல் வந்தது.

"நாலாவதும்மா."

அந்த அம்மா கன்றின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவன் செத்தப்பவும் எனக்கு யாரும் சொல்லல. எல்லாம் முடிச்சுட்டுத்தான் சொன்னாங்க. நான் தாங்கமாட்டேன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க." எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "பணம் தரேன். ஆனா இது போச்சுன்னா எனக்குச் சொல்லணும். அவர் இல்ல, நீங்க."

தலைவரின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது.

கோடையில் வண்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதானது. மேற்குப் பக்கத்துக் கன்றுகளுக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிவிட்டு அவள் திரும்பி வந்தபோது, அந்தக் கன்று தலை தொங்கிக் காய்ந்திருந்தது.

"மாத்திட்டுப் பேசாம இரு தாயி. அந்தம்மா எங்க ஞாபகம் வச்சிருக்கப்போகுது?" என்றார் தலைவர்.

அவள் போன் போட்டுச் சொன்னாள். அந்த அம்மா கேட்டார்:

"அப்ப பக்கத்துல யாராவது இருந்தீங்களா?"

யாரும் இல்லை. ஒரு காக்கா கூட இல்லை.

"இருந்தேம்மா," என்றாள் நாற்றுக்காரி. "நான் இருந்தேன்."

"நல்லவேளை," என்றது குரல். போன் வைக்கப்பட்டது.

அன்றிலிருந்து அவள் எல்லோருடனும் சேர்ந்து இறங்குவதில்லை. இலை சுருண்டு, தண்ணீர் ஊற்றியும் நிமிராத கன்று எதுவோ, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தண்ணீர் ஊற்றத்தான் சம்பளம், குந்தியிருக்க இல்லை என்று தலைவர் கத்திப் பார்த்துவிட்டார்.

கீழே வண்டியின் ஹாரன் அடிக்கிறது. "வாடி, இருட்டிப்போச்சு!"

"நீங்க போங்க," என்று ஒரு பெண்ணின் பெயர் பொறித்த தகட்டருகே உட்கார்ந்தபடி அவள் மேலிருந்தே குரல் கொடுக்கிறாள். "இந்தம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான்."