கடல் ஒத்துக்கொள்ளாத ஃபிட்டர்

என் அத்தானுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகு நகர்ந்த ஐந்தாவது நிமிஷம் முகம் வெளுக்கும். பத்தாவது நிமிஷம் தலை படகுக்கு வெளியே தொங்கும். பிழைப்போ கடலில்தான். பதினோரு வருஷமாக எங்கள் ஊர் குடிநீர் நிலையத்தில் அவர் ஃபிட்டர், நான் படகோட்டி.

கரையிலிருந்து பார்த்தால் ஐந்து மஞ்சள் மிதவைகள் தெரியும். அலை அவற்றைத் தூக்கித் தூக்கிப் போட, அடியிலிருக்கும் பம்புகள் கடல்நீரைக் குழாய் வழியாகக் கரைக்குத் தள்ளும். அந்த அழுத்தத்திலேயே தண்ணீர் ஒரு மெல்லிய சவ்வைத் தாண்டிவிடும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். கரண்டு வேண்டாம். அலை வேண்டும்.

"உங்களுக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்று அக்கா கேட்காத வாரமில்லை.

"வாந்தி எடுக்கறதுக்கு வேற எவன் சம்பளம் தர்றான்?" என்பார் அத்தான்.

போன வருஷம் ஆறு நாள் கடல் அசையவே இல்லை. ஊர்த்தொட்டி அடிதட்டியது. தினமும் விடிந்ததும் அத்தான் கரையில் போய் நிற்பார். அலையைக் கண்டாலே குடல் புரளும் மனுஷன், "கொஞ்சம் எழும்பித் தொலையேன்" என்று கடலிடம் கெஞ்சியதை என் காதால் கேட்டேன்.

ஏழாம் நாள் எழும்பியது, கேட்டதற்கு மேலேயே. ஆனால் கரைக்குத் தண்ணீர் வரவில்லை. அலை நின்ற அன்று, குழாய் வற்றிவிடக்கூடாது என்று அத்தானே மூடிவைத்த, ஐந்துக்கும் பொதுவான வால்வு நடு மிதவையில் இருந்தது. கரையிலிருந்து விசையை எத்தனை முறை அழுத்தியும் அது திறக்கவில்லை, உப்பேறி இறுகிவிட்டது.

"அலை அடங்கட்டும், அப்புறம் போகலாம்" என்றார் மேலாளர்.

"அடங்கின பிறகு திறந்து என்ன சார் பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டு அத்தான் படகில் ஏறினார்.

மிதவையோடு தன்னை வாரால் கட்டிக்கொண்டார். அது மேலே போனால் இவரும் மேலே, கீழே வந்தால் இவரும் கீழே. ஸ்பானரைப் போடுவார், குனிந்து வாந்தியெடுப்பார், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி போடுவார். முக்கால் மணி நேரம். கடைசியில் வால்வு முனகிக்கொண்டு திரும்பியது. குழாய் ஒருமுறை சிலிர்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத்தண்ணீர் பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா முதல் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"எத்தனை தடவை?"

"நாலு."

"பரவாயில்ல, முன்னேறிட்டீங்க."

வீடு இன்னும் ஆடுகிறது என்று சொல்லி அத்தான் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி படுத்துக்கொண்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.