பூமாரி மாட்டிய விசிறி

எங்கள் வீட்டு கேட்டை நான் பூட்டினால் பூட்டிவிட்டுப் போய்விடுவேன். குடியிருக்க வந்த பூமாரி பூட்டினால் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். காஸ் டியூப், துணி காயப்போடும் கொடி, சைக்கிள் கேரியர் எதையும் விடமாட்டாள். "ஏம்மா, கேட்டையே பேத்து எடுத்துடப் போறியா?" என்று கேட்பேன். "கை பழகிப்போச்சு சார்" என்பாள்.

கை பழகியது ஒரகடம் ரோட்டில் இருந்த ஒரு கம்பெனியில். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்புகிற இடம். ஒயரின் முனையை அதற்குரிய பொந்தில் தள்ள வேண்டும், 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும், அப்புறம் இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் மாட்டவில்லை என்று அர்த்தம். ஒரு ஷிஃப்டில் ஆயிரம் தரத்துக்கு மேல் இதையே செய்கிறவள், வீட்டுக்கு வந்ததும் கையைக் கழற்றியா வைக்க முடியும்?

கழுகுமலைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் அவள் இங்கே ஹாஸ்டலில், புருஷன் சக்திகுமார் அங்கே அண்ணன் லாரியில் என்று இருந்தார்கள். பிறகு அவன் ஒரு பழைய டீசல் அம்பாசிடரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் குடிவைத்தேன். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. ஒரே அறைதான், ஆனால் அதில் ஒரு ஸ்டவ், ஒரு பாய், இரண்டு தட்டு என்று அடுக்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண் நடந்த நடையைப் பார்த்தால் அரண்மனைக்கு வந்தவள் மாதிரி இருக்கும்.

பெங்களூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறேன் என்று அப்போது ஊரையே கொத்திப் போட்டிருந்தார்கள். வண்டிகள் எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும். அந்த ஊர்தலில் அம்பாசிடர் கொதித்துவிடும். அதன் விசிறியை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. இன்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும். காற்று அதிகமாக வேண்டிய நேரத்தில்தான் குறைவாகக் கிடைக்கும். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் அதிகாரிகள் மூன்று பேரைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது சக்திகுமாரின் நிரந்தர ட்ரிப். ஒரே மாதத்தில் இரண்டு தரம் அவர்களைத் வழியில் தண்டலத்துப் புழுதியில் இறக்கிவிட்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினான். ட்ரிப் கொடுக்கிற ட்ராவல்ஸ்காரர், "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நீ வரவே வேணாம்பா" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அவன் பூமாரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்த ட்ரிப்பும் போச்சுன்னா வண்டிய தள்ளிவிட்டுட்டு அண்ணன் லாரில ஏறிருவேன். நீ பழையபடி ஹாஸ்டலுக்குப் போயிரு."

பூமாரி அந்த ஒரே அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் அவளே ஒரு யோசனையோடு வந்தாள். சின்னக் கார்களில் விசிறிக்குத் தனி மோட்டார் உண்டு, பேட்டரியில் ஓடும். தண்ணீர் சூடானால் அதற்கென்று இருக்கிற சுவிட்ச் போட்டுவிடும், ஆறினால் நிறுத்திவிடும். அந்த ஒயர்க்கட்டைத்தான் அவள் லைனில் தினமும் செய்கிறார்கள். "நம்ம வண்டிக்கும் அதையே மாட்டிருவோம்" என்றாள்.

சக்திகுமார் சிரித்தான். "ஒயர் சொருகுத புள்ள இன்ஜின்ல கை வைக்கப் போறாளாம், கேட்டீங்களா சார்?"

நானும் சிரித்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்சாரம் நடத்துகிற ஆசாமி நான். இருபது வருஷமாக மின்சாரத்தைக் கரும்பலகையில் மட்டுமே பார்த்தவன். அன்று சிரித்ததற்கு இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் உண்டு.

சிரிக்காதவர் மெக்கானிக் கோபால் ஒருவர்தான். பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய், விபத்தில் நசுங்கிய சின்னக் கார் ஒன்றின் விசிறியை மோட்டாரோடு கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்பு விசிறியைக் கழற்றிவிட்டு இதை ரேடியேட்டரோடு சேர்த்து முடுக்கினார். ஒயர் வேலை முழுக்க பூமாரி. ஒவ்வொரு முனையாகத் தள்ளினாள், காது கொடுத்துக் கேட்டாள், இழுத்துப் பார்த்தாள். சக்திகுமார் டீக்கடைக்குப் போய்விட்டான்.

ஒரே ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது. "சாவி ஆஃப் பண்ணா ஃபேனும் நிக்கணும்மா. நீ இன்னா, நேரா பேட்டரில குடுத்துக்கினு கீற?" என்றார் கோபால்.

"இல்லண்ணே. வண்டிய நிப்பாட்டுன பிறகுதான் சூடு இன்னும் ஏறும். அப்பவும் ஃபேன் ஓடணும். நின்னு கெடந்தாலும் சூடு ஏறுனா அதுவா சுத்த ஆரம்பிக்கும்."

கோபால் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்பாசிடர் ஒரு நாளும் கொதிக்கவில்லை. தண்டலத்தில் முக்கால் மணி நேரம் நின்ற அன்றுகூட சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லையாம். ட்ரிப் நிலைத்தது, அறையும் நிலைத்தது. பூமாரி புதிதாக ஒரு துளசிச் செடி வைத்தாள்.

சக்திகுமாருக்குத்தான் நாக்கு நீண்டது. கார் ஸ்டாண்டில் எவன் கேட்டாலும், "நாந்தான் மாத்துனேன். ரெண்டு நாள் யோசிச்சேன், பிடிபட்டுருச்சு" என்பான். என் எதிரிலேயே, பூமாரி பக்கத்தில் நிற்கும்போதே, என்னோடு வேலை பார்க்கும் ஒரு வாத்தியாரிடம் அளந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போனதும், "ஏம்மா வாயை மூடிண்டு நின்னே?" என்று அவளைத்தான் கடிந்துகொண்டேன்.

"இருக்கட்டும் சார். நாலு பேரு முன்னாடி அவுகளுக்கும் ஒரு இது வேணும்ல. வண்டி ஓடுதுல்லா, அது போதும்."

மூன்று வாரம் கழித்துக் கிருத்திகை வந்தது. மாதாமாதம் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்து, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, விசிறியின் நடுக்குமிழில் மூன்று விரலால் விபூதி பூசுவது சக்திகுமாரின் வழக்கம். லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். இன்ஜினுக்கு நெற்றி அதுதான் என்பான். சாவியை எடுத்துவிட்டால் விசிறி செத்த பாம்பு என்பது அந்தக் கைக்குப் பழகிய பாடம். புது விசிறி வண்டி நின்ற பிறகும் கொஞ்சம் சுற்றுவதைக் கவனித்திருக்கிறான். ஓடின வேகத்தில் சுற்றுகிறது என்று தானே முடிவு செய்துகொண்டு விட்டுவிட்டான்.

அன்று மத்தியானம் அவன் பானெட்டைத் திறந்தபோது விசிறி அசையாமல்தான் இருந்தது. நான் தின்பண்டம் எதையோ கொறித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். பூமாரி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து விரலை நீட்டினான். சுவிட்ச் 'டக்' என்றது. எனக்குக் கேட்கவே இல்லை. அறைக்குள்ளிருந்த பூமாரிக்குக் கேட்டது. "கைய எடுங்க" என்று கத்திக்கொண்டு அவள் ஓடி வருவதற்குள் விசிறி சுற்றிவிட்டது.

ஆள்காட்டி விரலில் எலும்பு முறிந்து, நடுவிரலில் ஏழு தையல். விபூதியெல்லாம் சிவப்பாகிக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவனைப் படுக்கவைத்ததும் பூமாரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். விசிறியின் நட்டில் ஸ்பேனரை மாட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"கழட்டப் போறேன் சார். அது அதுவா சுத்தும்னு எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாதுன்னும் தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

"எப்பிடிச் சொல்ல? அவுகதான் மாட்டுனதா ஊரெல்லாம் சொல்லிட்டாக. மாட்டுனவுககிட்ட போயி, இது இப்பிடிச் சுத்தும்னு சொன்னா அவுகளுக்கு எப்பிடி இருக்கும்?" வண்டியின் மேல் சாய்ந்து அழுதாள்.

அவள் கையிலிருந்து ஸ்பேனரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து அவன் அண்ணன் கூப்பிட்டார். எங்கள் ஹாலில்தான் போன். சக்திகுமார் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து இடது கையால் ரிசீவரை எடுத்தான். பூமாரி கூடவே வந்தவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. அண்ணனின் குரல் எனக்கே கேட்டது. எந்த மடையன் அந்த விசிறியை மாட்டினான், பேசாமல் வண்டியைத் தள்ளிவிட்டு ஊருக்கு வந்து சேர் என்று சத்தம் போட்டார்.

பூமாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன டிரங்குப் பெட்டி அவள் கண்ணுக்குள் வந்திருக்கும்.

சக்திகுமார் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு சொன்னான். "பூமாரிதான் மாட்டுனாண்ணே. சரியாத்தான் மாட்டிருக்கா. நாந்தான் மாட்டுனேன்னு பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதான் யாருட்டயும் ஒண்ணும் கேக்க முடியாமப் போச்சு." ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். "நான் வரலண்ணே. கை ஆறுத வரைக்கும் கோபாலண்ணன் ட்ரிப்ப ஓட்டுதேன்னுருக்காரு. நாங்க இங்கனயே இருக்கோம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வெளியே போனான். எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூமாரி ஒரு தகரத் துண்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்து எழுதினாள்: 'சாவி எடுத்தாலும் விசிறி சுற்றும். கை வைக்காதே.' அதைப் பானெட்டுக்கு அடியில், ரேடியேட்டருக்கு மேலே, கம்பி முறுக்கிக் கட்டினாள். சக்திகுமார் பக்கத்தில் நின்று வாசித்தான்.

"கீழ இடம் இருக்குல்லா. உன் பேரப் போடு."

"எதுக்கு?"

"போடு சொல்லுதேன். பானெட்டத் திறக்கவன் எல்லாம் பார்க்கட்டும்."

அவள் சின்ன எழுத்தில் 'பூமாரி' என்று எழுதிவிட்டு விலகினாள். சக்திகுமார் விசிறியை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "இப்ப சுத்துமா?" என்று அவளிடம் கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டியதும், இடது கையை நீட்டித் தகரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.